கழுத்து சிறுத்த ஊத்தா

மதுரைக்கு நான் போனது தம்பிக்குப் பெண் பேசி முடிக்க. மூங்கில் சுமக்க அல்ல. ஆனாலும் அந்தப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது கோயில் கோபுரம் இல்லை, மூங்கில்தான்.

எங்களுக்கு ஈப்போவில் பிரம்பு நாற்காலிக் கடை. அப்பா அம்மா இருவரும் போன பிறகு தம்பி குணாவை வளர்த்தவள் நான். அவனுக்கு வேலை கிடைத்து, மீசையும் ஒரு நிலைக்கு வந்ததும், மதுரையிலிருந்து உறவுக்காரர் ஒருவர் ஒரு பெண்ணின் போட்டோவை அனுப்பிவைத்தார். குணா அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். சட்டையோடு சேர்த்து ஒருநாள் அதைத் துவைத்தும் விட்டோம். இனித் தாமதிக்கக் கூடாது என்று, கடையை என் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். எழுபதுகளின் கடைசி. மதுரையில் அப்போது நல்ல கோடை.

பெண் வீடு திருநகரில். நேர்நேரான தெருக்கள், வாசலில் வேப்பமரம், மத்தியானத்தில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்காத அமைதி. அந்த அமைதியை வசந்தா வந்து கலைத்தாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. "காப்பி எடுத்துக்கங்கக்கா" என்று அவள் சொன்னதே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி இருந்தது. தட்டை வைத்த கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவரு குறட்டை விடுவாராக்கா?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது ரகசியக் குரல். சமையல்கட்டில் அவள் அம்மா கரண்டியைக் கீழே போட்டார்.

"லேசா விடுவான்," என்றேன்.

"அப்பச் சரி," என்றாள்.

எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. நாலு வாய்க் கேசரி உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. தேதி பார்க்கலாமா என்று நான் கேட்டதும், வசந்தாவின் அப்பா விசிறியை வேகமாக வீச ஆரம்பித்தார்.

"என் தம்பி சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் வசந்தாவின் அம்மா.

தம்பி என்றால் வசந்தாவின் தாய்மாமன் மாயாண்டி. வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம். பிள்ளை இல்லாதவர். வசந்தாவைச் சின்ன வயதில் தோளிலிருந்து இறக்காமல் வளர்த்தவர். முதல் வார்த்தை அவரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மலேயாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தியை, சந்தையில் கத்தரிக்காய் விற்ற ஒரு அம்மாள் வாயால் அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நான் வந்த அன்று காலைதான் ஆள் மூலம் ஒரு பதில் சொல்லிவிட்டிருந்தார். வசந்தாவின் அப்பா அதை அப்படியே ஒப்பித்தார்.

"'எங்கூரு கம்மா அழியப்போகுது. அது முடியிற வரைக்கும் எந்தப் பேச்சும் கெடையாது. அந்த மலேயாக்காரம்மா வரணும்னா வரட்டும். சும்மா வர வேணாம், ஊத்தா கட்ட நாலு மூங்கி வாங்கிட்டு வரச் சொல்லு.' இம்புட்டுத்தான்."

ஊரே அழியப்போகிற நேரத்தில் இந்த மனிதர் மூங்கில் கேட்கிறாரே என்று நான் பதறிவிட்டேன். வசந்தா சிரித்து முடித்துவிட்டு விளக்கினாள். கம்மா என்றால் கண்மாய், ஊர் ஏரி. கோடையில் அதன் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும், ஒரு நாள் குறித்து, வருகிறவர் போகிறவர் எல்லாரும் இறங்கி மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்களாம். அதற்குப் பேர்தான் கண்மாய் அழிவது. ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. இடுப்பளவு உயரம், கீழே வாய் அகலம், மேலே கழுத்து குறுகல். மீன் ஓடுகிற இடம் பார்த்துச் சேற்றில் அமுக்கி, கழுத்து வழியாகக் கையை விட்டு மீனை எடுக்க வேண்டும்.

எங்கள் ஊரிலும் ஆற்றில் மூங்கில் பொறி வைப்பார்கள். ஆனால் அதை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மீன் தானாக வந்து மாட்டும். இங்கே மனிதன் கூடையைத் தூக்கிக்கொண்டு மீனைத் துரத்துகிறான் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

மறுநாள் காலை ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு நானும் வசந்தாவும் கிளம்பினோம். வைகைக்கு அக்கரையில், செல்லூர் போகிற வழியில் மூங்கில் கடை. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். கடைக்கார பாய் எங்கள் பட்டுச்சேலையை ஒரு தடவை பார்த்தார்.

"என்னம்மா விசேசம்? பந்தலா?"

"கல்யாணம்ணே," என்றாள் வசந்தா.

"அப்ப நாலு மூங்கில் பத்தாதே."

"பந்தலுக்கு இல்ல. ஊத்தாவுக்கு."

பாய் மூங்கிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். "அதுவும் சரிதான். இந்தக் காலத்துல மாப்பிள்ளைய அமுக்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கு."

மூங்கிலின் முன்முனை வசந்தாவின் தோளில், பின்முனை என் தோளில். பட்டுச்சேலையும் மல்லிகைப் பூவுமாக இரண்டு பெண்கள் நீள மூங்கிலோடு மதுரை பஸ் நிலையத்துக்குள் நுழைந்தால் கூட்டம் தானாக விலகுகிறது. ஒரே ஒருமுறைதான் தகராறு. வசந்தா சட்டென்று இடது பக்கம் திரும்ப, பின்னால் என் முனை வலது பக்கமாக வீசி, இட்லி தின்றுகொண்டிருந்த ஒருவரின் தொன்னையைத் தட்டிவிட்டது. "சாம்பார்தான போச்சு, விடுங்கம்மா, நல்ல காரியத்துக்குப் போறீக," என்றார் அவர். நல்ல காரியம் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

திண்டுக்கல் பஸ்ஸில் கண்டக்டர் வழி மறித்தார். "இது பஸ்ஸும்மா. லாரி இல்ல."

"மேல கேரியர் எதுக்கு வச்சிருக்கீக?" என்று வசந்தா வகுப்புக் குரலில் கேட்டாள். கண்டக்டர் கையைக் கட்டி நிற்காததுதான் குறை. தானே ஏணியில் ஏறி மூங்கிலைக் கூரையில் கட்டினார்.

கட்டியது சரியில்லை. பிரம்புக் கடைக்காரியான எனக்குக் கீழிருந்து பார்த்தபோதே தெரிந்தது. ஆனால் உதவி செய்கிறவரைத் திருத்தக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன். சமயநல்லூர் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டார். கூரை மேலே சரசரவென்று ஒரு சத்தம். நாலு மூங்கிலும் முன்பக்கம் வழுக்கி வந்து கண்ணாடிக்கு முன்னால் தொங்கின.

டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினார். "நான் ரோட்டப் பாக்கவா, மூங்கிலப் பாக்கவா? எந்த மகராசி கொண்டாந்தது?"

பஸ் மொத்தமும் எங்களைக் கை காட்டியது. பிறகு பஸ் மொத்தமும் சேர்ந்து எங்களைத் திட்டியது. திட்டிக்கொண்டே நாலைந்து பேர் இறங்கி, மூங்கிலைப் பின்வாசல் வழியாக உள்ளே செருகி, இருக்கைகளின் முதுகு மேல் நீளவாக்கில் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அதில் தன் பையை மாட்டினார். ஒரு பெரியவர் ஈரத் துண்டை உலர்த்தினார். எங்கள் ஈப்போவாக இருந்தால், மன்னிப்புக் கேட்டபடியே மரியாதையாக எங்களை நடுவழியில் இறக்கிவிட்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை; ஒருவரும் இறக்கிவிடவும் இல்லை. வாடிப்பட்டியில் நாங்கள் இறங்கும்போது அந்தப் பெரியவர்தான் கோபித்துக்கொண்டார், துண்டு இன்னும் காயவில்லையாம்.

மாயாண்டி அண்ணன் ஒல்லியான ஆள். உடம்பில் சதை இருந்த ஒரே இடம் மீசைதான் என்று சொல்லலாம். வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் மூங்கிலைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டினார்.

"மூங்கி பரவால்ல," என்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "வாங்க," என்றார். வசந்தாவிடம் அதுவும் இல்லை. அவள் "மாமா" என்று கூப்பிட்டதற்கு அரிவாள் எங்கே என்று மனைவியைக் கேட்டார்.

அவர் மனைவி பேச்சியம்மா எனக்குக் கம்மங்கூழ் ஊற்றித் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வைத்தார். வெயிலில் வந்த தலைக்கு அந்தக் கூழ் உச்சி வரைக்கும் ஏறிக் குளிர்ந்தது. ஆசையில் மிளகாயை முழுதாகக் கடித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்ட, மாயாண்டி அண்ணன் அதைப் பார்த்து, "இந்தா, அழுது காரியம் சாதிக்கிற வேலையெல்லாம் நம்மகிட்ட வேணாம்," என்றார். மிளகாய் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே வேப்பமரத்தடியில் ஊத்தா வேலை ஆரம்பமானது. மூங்கிலைப் பிளந்து, விரல் தடிமனுக்குச் சிம்பு சிம்பாகச் சீவி, அடி முனையைக் கூராக்கினார். சேற்றில் இறங்கி நிற்பதற்காக அந்தக் கூர். வட்டமாக வளைத்த மூன்று வளையங்களைச் சுற்றிச் சிம்புகளை நிறுத்தி, பனைநாரால் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். சீவுகிற வரை வேலை நன்றாகத்தான் இருந்தது. கட்ட ஆரம்பித்ததும் என் கை துறுதுறுத்தது. மனிதர் நாரைக் காய்ந்தபடியே எடுத்துக் கட்டினார். நனைத்துக் கட்டினால் நார் காயக் காய இறுகும். காய்ந்ததைக் கட்டினால் தண்ணீர் பட்டதும் தொளதொளத்துவிடும். பிரம்பிலும் இதே கதைதான்.

"அண்ணே, நாரைக் கொஞ்சம் நனைச்சுக்கிட்டா…" என்று இழுத்தேன்.

"நாற்காலி செய்யிறவுக நாற்காலியோட நிறுத்திக்கிறணும்," என்றார் நிமிராமல். "இது ஊத்தா."

மாலையில் கிணற்றடியில் பேச்சியம்மா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா, நீங்க சொன்னதுதான் சரி. ஆனா அவுககிட்ட யாரு சொல்றது? வருசா வருசம் அவுகளே கட்டுவாக. வருசா வருசம் தண்ணிக்குள்ள பிரிஞ்சிரும். போன வருசம் இவுக ஒரு பக்கம் நிக்கிறாக, குச்சி ஒவ்வொண்ணா மெதந்து கரைக்கு வருது. ஊரே எண்ணிச்சு. பெறகு ஒரு வாரம் என்கிட்டகூடப் பேசல."

"சந்தையில விக்கிறத வாங்கக் கூடாதா மதினி?"

"வாங்கிக் குடுத்தேன். அடுப்புல வச்சுட்டாக."

ஊத்தா பிரிந்தால் ஒரு வாரம் மௌனம். அந்த மௌனத்தில் யார் போய்க் கல்யாணப் பேச்சை எடுப்பது? எனக்கு ஊர் திரும்ப வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. குணா அங்கே துவைத்த போட்டோவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்த்தார்.

"மத்தியானம் சாப்பிட்டா உங்க வீட்டுக்காரர் தூங்குவாரா?"

"செத்த பொணம் மாதிரி," என்றார் மதினி.

மறுநாள் மத்தியானம் வேலையைத் தொடங்கினோம். நாரை அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்டு, அவர் போட்ட கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஈர நாரால் நான் மறுபடி கட்டினேன். மதினி சிம்பைப் பிடித்துக்கொண்டார். வசந்தா வாசல்படியில் காவல். மாமா புரண்டால் வாய்ப்பாடு சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டாம் வளையம் முடிகிற நேரத்தில் "ஏழெட்டு அம்பத்தாறு!" என்று தெருவே அதிர ஒரு சத்தம் கேட்டது. நானும் மதினியும் ஊத்தாவை அப்படியே போட்டுவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குள் ஓடினோம்.

"என்னடி கத்துற?" என்று மாயாண்டி அண்ணன் குரல்.

"பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள மறந்துரும் மாமா. அதான் சொல்லிப் பாக்குறேன்."

"மனசுக்குள்ள சொல்லு." மறுபடி குறட்டை. அவள் மாமனுக்கும் என் தம்பிக்கும் அந்த ஒரு விஷயத்தில் பொருத்தம் நன்றாகவே இருந்தது.

அவள் சத்தம் போடாமல் இருந்தால் அவர் விழித்திருக்கவே மாட்டார் என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல எனக்கு நேரமில்லை. அடுத்த நாள் மத்தியானம் மேல் கழுத்தைக் கட்டினேன். கழுத்துதான் கஷ்டம். சிம்புகள் எல்லாம் அங்கே நெருங்கி வருவதால் இழுத்துப் பிடிக்காவிட்டால் ஆடும். எங்கள் கடையில் ஒரு நாற்காலி ஆடினால் அது என் மானப் பிரச்சினை. அந்த வீம்பில் நன்றாகவே இழுத்துவிட்டேன்.

சாயங்காலம் மாயாண்டி அண்ணன் ஊத்தாவைத் தடவிப் பார்த்தார். "என்னடி இது, ஈரமா இருக்கு?"

"இந்த வெயிலுக்கு மனுசனே வேர்க்குறான், மூங்கி வேர்க்காதா?" என்றார் மதினி.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதையும் ஒப்புக்கொண்டார்.

கண்மாய் அழிந்த அன்று விடிந்ததும் கரையில் நிற்க இடமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில், மாட்டுவண்டியில், நடந்து என்று ஜனம். கையில் ஊத்தா, வலை, பழைய சேலை, எதுவும் கிடைக்காதவர்கள் அரிசி புடைக்கிற சுளகு. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே சத்தமாக இறங்கினார்கள். ஒரு நிமிடத்தில் கண்மாய்த் தண்ணீர் முழுக்கக் குழம்பு நிறமாகிவிட்டது. நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு என் ஒரு செருப்பை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டது.

மாயாண்டி அண்ணனைச் சுற்றி ஒரு தனிக் கூட்டம். மீன் பிடிக்க வந்தவர்கள் இல்லை; ஊத்தா பிரிவதைப் பார்க்க வந்தவர்கள். அவருடைய பங்காளி சோலை என்பவர் முன்வரிசையில் நின்று, "குச்சி மெதந்தா எடுத்து வைங்கப்பா, அடுப்புக்கு ஆகும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அமுக்கினார். தூக்கினார். அமுக்கினார். ஊத்தா அசையவில்லை. கூட்டத்தில் ஏமாற்றம் தெரிந்தது. நான் மதினியின் கையை இறுகப் பிடித்திருந்தேன்.

அப்போது ஊத்தாவுக்குள்ளே தடதடவென்று ஒரு மோதல். அண்ணன் முகம் மாறியது. ஊத்தாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையைக் கழுத்து வழியாகத் தோள் வரைக்கும் உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் குஸ்தி. "பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்டா!" என்று ஒரு கூச்சல். அந்தக் கண்மாயில் அவர் தன் கையால் பிடித்த முதல் மீன் அதுவாம்.

ஊத்தாவோடு கையைத் தூக்கினார். அடிவாய் வழியாக விரல்களுக்குள் துள்ளிய ஒரு பெரிய விரால் தெரிந்தது. வசந்தா ஓடிப்போய்க் கீழிருந்து மீனை வாங்கிச் சேலையில் சுற்றிக்கொண்டாள். மீன் வந்துவிட்டது. கைதான் வரவில்லை.

இழுத்தார். முழங்கை ஊத்தாவின் கழுத்தில் மாட்டிக்கொண்டது. திருப்பிப் பார்த்தார். இடுப்பளவு ஊத்தா அவர் கையில் வளையல் மாதிரி சுற்றி வந்தது.

"என்ன மாயாண்டி, பிள்ளை கல்யாணத்துக்கு நீ வளையல் போட்டுக்கிட்டியா?" என்றார் சோலை. கண்மாய் முழுக்கச் சிரித்தது. யாரோ அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார், வெட்டி எடுத்துவிடலாம் என்று.

"ஊத்தாவத் தொட்டா நடக்குறதே வேற!" என்று அண்ணன் கத்தினார். பிறகுதான் அந்தக் கழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நாரை விரலால் தடவினார். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"இது என் கட்டு இல்லையே."

மதினி வானத்தைப் பார்த்தார். வசந்தா மீனைப் பார்த்தாள். தம்பி கல்யாணம் இந்தச் சேற்றோடு போயிற்று என்று நினைத்தேன். இருந்தாலும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"நான்தாண்ணே கட்டுனேன். கழுத்தக் கொஞ்சம் அதிகமா இழுத்துட்டேன்."

சோலை தொடையில் தட்டினார். "அப்பிடிச் சொல்லு! பொம்பளையாளு கட்டுன ஊத்தாவா! நாங்கூட மாயாண்டிக்கு இந்த வருசம் புத்தி வந்துருச்சோன்னு பாத்தேன்!"

மாயாண்டி அண்ணனின் மீசை துடித்தது. என் மேல்தான் பாயப்போகிறார் என்று ஓரடி பின்னால் போனேன். அவர் ஊத்தா மாட்டிய கையைச் சோலையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஆமாடா! எங்க சம்மந்தியம்மா கட்டுனது! கடல் தாண்டி வந்து கட்டுனது! ஒனக்குத் தைரியம் இருந்தா ஒத்த நார அவுரு, பாப்போம்! அவுத்துட்டுப் பேசு!"

சோலை நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்துப் பார்த்தார். அவருடைய மச்சானும் வந்து நெம்பினார். நார் அசையவில்லை. அண்ணன் கையை நீட்டியபடியே மற்றவர்கள் பக்கமும் திருப்பினார். "வேற யாரு? வாங்க, வாங்க."

மதினி என் காதில், "சம்மந்தின்னுட்டாக," என்றார். வசந்தாவும் தன் ரகசியக் குரலில் அதையே சொன்னாள். "அத்தே! மாமா சம்மந்தின்னுட்டாரு!" அக்கரையில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாயாண்டி அண்ணன் வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார். தான் சொன்னது அப்போதுதான் அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது போலிருந்தது. பிறகு இன்னும் சத்தமாக, "ஆமா, சொன்னேன்! இப்ப என்னாங்கிறீக?" என்றார்.

அப்படியே ஊத்தாவும் கையுமாகத் தெருவழியே வீட்டுக்கு நடந்தார். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். வேண்டுமென்றே சுற்றுவழியில் போனார் என்று எனக்கு இப்போதும் சந்தேகம் உண்டு.

வீட்டில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கையை வெளியே எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வசந்தாவும் மதினியும் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அம்புட்டுத் தூரத்துல அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா? ஒரு காய்ச்சல் தலைவலின்னா நான் எந்த பஸ்ஸப் பிடிச்சு வருவேன்?"

இதற்கு நான் ஈப்போவிலிருந்தே பதில் தயாரித்துக் கொண்டுவந்திருந்தேன். வேலை, வீடு, சம்பளம், எல்லாம். அதில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. "எனக்கும் பிள்ளை இல்லண்ணே," என்றேன். "என் தம்பிதான் எனக்குப் பிள்ளை. அடுத்த வீட்டுலதான் இருக்கப்போறாங்க. அவளுக்குக் காய்ச்சல்னா நான் தூங்க மாட்டேன்."

நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். கை விடுபட்டது. முழங்கையில் சுற்றிலும் சிவப்பாக ஒரு தடம். அதைத் தேய்த்துக்கொண்டே, "வசந்தா!" என்று கூப்பிட்டார். நாங்கள் வந்ததிலிருந்து அவள் பேரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "மீனுல எனக்குத் தலைப்பக்கம் வையி."

மறுநாள் எங்களை வழியனுப்ப வாடிப்பட்டி வரைக்கும் வந்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒரு தூக்குவாளியை ஜன்னல் வழியாக நீட்டினார். "விரால் கொழம்பு. மாப்பிள்ளைக்கு."

"அண்ணே, நான் கப்பல் ஏறி ஊர் போய்ச் சேர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளாகுமே!"

"மண்சட்டிக் கொழம்பு. நாளாக நாளாகத்தான் ருசி. குடுத்துட்டு, எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டு எழுதுங்க."

என் தம்பிக்கு மீன் என்றாலே ஆகாது. சந்தையில் மீன் கடைப் பக்கம் போகாமல் மூக்கைப் பொத்திச் சுற்றிப் போகிறவன். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். வசந்தா என் காலை மிதித்தாள். குழம்பு திருநகர் தாண்டவில்லை. நானும் அவளும் அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே வழித்துவிட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு குழம்பை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. ஊர் போய், குழம்பு பிரமாதம் என்று மாப்பிள்ளை சொன்னதாக அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன்.

ஆவணியில் மதுரையில் கல்யாணம். குணாவுக்கு வழியெல்லாம் சொல்லிக் கூட்டி வந்தேன். "குழம்பைப் பத்திக் கேப்பாரு. நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாதே." பொய் சொல்லிப் பழகாதவன் பொய் சொன்னால் அதற்கு அலங்காரமாக இன்னொன்றைச் சேர்த்துவிடுவான் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மணவறையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்தாயிற்று. ஆசீர்வாதம் வாங்கத் தாலித் தட்டு சபைக்குள் போயிருந்தது. பட்டு வேட்டியில் மாயாண்டி அண்ணன் முன்னால் குனிந்து, "மாப்ள, கொழம்பு எப்பிடி இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா," என்றான் குணா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "முள்ளுதான் கொஞ்சம் அதிகம். எடுத்து எடுத்து வச்சே கை ஓஞ்சுபோச்சு."

அண்ணன் நிமிர்ந்தார். "விராலுக்கு நடுமுள்ளத் தவுர ஏது மாப்ள முள்ளு?"

குணா என்னைப் பார்த்தான். வசந்தா தலையை இன்னும் குனிந்துகொண்டாள். மாலை மட்டும் குலுங்கிக் குலுங்கி ஆடியது. மாயாண்டி அண்ணன் நிதானமாக என் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மேளக்காரர் பக்கம் இரண்டு கையையும் ஆட்டி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தினேன்.

மேளம் மண்டபம் இடிந்துவிடும் போல முழங்கியது. தாலித் தட்டு அப்போது கடைசி வரிசையில் இருந்தது.